பாக்கியநாதன் திறந்த பாட்டில்

பாக்கியநாதன் அந்த பாட்டிலை வெள்ளிக்கிழமை காலையில் களிமண் அறையிலிருந்து எடுத்து வந்து சாப்பாட்டு மேசைமேல் நிமிர்த்தி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் திறப்பதாகத் திட்டம். அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது, மேசையை இடிக்கக் கூடாது, ஃபேனைக்கூட வேகமாக வைக்கக் கூடாது என்று மனைவி ரோசிக்கு உத்தரவு போட்டிருந்தான். "ரெண்டு புள்ள பெத்தேன், அதுங்க தூங்கறப்பகூட இவரு இப்டி அடங்கி நடந்ததில்லண்ணே" என்று ரோசி என்னிடம் போனில் புலம்பினாள்.

அது நாற்பது வருஷத்து ஒயின். போர்ச்சுகல் தேசத்தில் பைராடா என்றொரு வட்டாரம். ஒயினைப் பற்றித் தெரிந்தவர்களிலேயே பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியாது என்பான் பாக்கியநாதன். எண்பத்தைந்தாம் வருஷம், பாக்கியநாதன் பிற்பாடு அங்கே வேலைக்குப் போன இடத்துச் சூளை மேஸ்திரி அர்மிந்துவின் அப்பா, தன் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் போட்டது. பாட்டிலில் லேபிள் கிடையாது. சுண்ணாம்பில் 85 என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

நான் கோவிந்தராசு. விருத்தாசலம் ஜங்ஷனில் பார்சல் ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் மூட்டை எண்ணிவிட்டு ரிட்டயர் ஆனவன். பாக்கியநாதனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அவன் இங்கேயே செராமிக் டிப்ளமா முடித்து, கரண்டு பெட்டிக்குப் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் கம்பெனியில் பல வருஷம் இருந்தான். முப்பத்தொன்பது வயதில், எல்லாரும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில், போர்ச்சுகலில் யாரும் கேள்விப்படாத அவெய்ரு என்ற ஊருக்கு டைல்ஸ் வேலைக்குப் போனான். பதினாறு வருஷம் அங்கே இருந்தான். அதுவும் களிமண் ஊர், இதுவும் களிமண் ஊர், சாப்பாடுதான் வேற என்பான்.

போகும்போது அவனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. முதல் ஞாயிற்றுக்கிழமை அர்மிந்து வீட்டில் பாட்டிலைத் திறந்ததும், இனி அரை மணி நேரத்தில் யாரோ யாரையோ அடிக்கப் போகிறார்கள் என்று செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தானாம். நம் ஊரில் பார்த்தது அப்படி. அங்கே ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டிலை மூன்று மணி நேரம் குடித்தார்கள். அதில் இரண்டு மணி நேரம், இது என்ன வாசனை என்று பேசியே போனது. அவனுக்கு அது பிடித்துவிட்டது. ஒவ்வொரு லீவுக்கும் விமானத்தில் விடுகிற அளவுக்கு இரண்டு பாட்டில் கொண்டு வந்தான். கொலாரிஷ் என்று கடலோர மணலில் விளைந்தது, மதேரா என்று தீவிலிருந்து வந்தது, கூட வேலை பார்த்த ஹங்கேரிக்காரர் கொடுத்த இனிப்பு ஒயின் ஒன்று. திரும்பி வந்து இங்கே செராமிக் தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு யூனிட் போட்டு, அதற்குப் பின்னாலேயே வீடும் கட்டினான். களிமண்ணை ஈரச் சாக்குப் போட்டு மூடிப் பதப்படுத்துகிற அறை ஒன்று அங்கே உண்டு. சித்திரை வெயிலிலும் உள்ளே போனால் கால் சில்லிடும். பாட்டில்களை அந்தச் சாக்குகளுக்கு நடுவே படுக்க வைத்தான்.

இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு மதியம் ஒரு பாட்டில் திறப்போம். ஆரம்பத்தில் நான் அதைக் கிண்டல்தான் பண்ணினேன். நம் ஊரில் சாராயம் விற்ற கடைக்குத்தான் ஒயின்ஷாப் என்று பேர். அங்கே ஒருத்தனும் ஒயின் வாங்கி நான் பார்த்ததில்லை. பாக்கியநாதன் ஊற்றிக் கொடுத்த முதல் கிளாஸை ஒரே மடக்கில் குடித்துவிட்டு "பழரசம் புளிச்சுப் போச்சு" என்றேன். அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. போகப் போக எனக்கும் நாக்கு பழகியது. இப்போது உண்மையைச் சொல்வதில் வெட்கமில்லை, அந்த ஞாயிறுகளை நினைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கொரோனாவில் பாக்கியநாதனுக்கு மூக்கு போயிற்று. எல்லாருக்கும் போய்த் திரும்பி வந்தது, இவனுக்கு வரவேயில்லை. ரோசி மீன் குழம்பு வைத்தாலும் சாம்பிராணி போட்டாலும் அவனுக்கு ஒன்றுதான். வாசனை இல்லாமல் ஒயினைக் குடித்தால் வெறும் புளிப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். அதை அவன் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு தடவை, என்னிடம், அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அதற்குப் பிறகுதான் பச்சமுத்து எங்களோடு வந்து உட்கார ஆரம்பித்தான்.

பச்சமுத்து அவனுடைய யூனிட்டில் கிளேஸ் கலக்குகிறவன். பீங்கானுக்குப் பளபளப்புக் கொடுக்கும் பூச்சுக்குத்தான் கிளேஸ் என்று பேர். வயது நாற்பத்தெட்டு இருக்கும். பதப்படுகிற களிமண்ணை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்து, இது மூணு வாரம், இது அஞ்சு வாரம் என்று சொல்லிவிடுவான். தப்பவே தப்பாது. அந்த மூக்கைத்தான் பாக்கியநாதன் மேசைக்கு அழைத்து வந்தான். முதலில் ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றிப் பச்சமுத்துவிடம் கொடுப்பான். பச்சமுத்து முகர்ந்து, முந்திரிப்பழம் வெயில்ல கெடந்த வாடை, மழைக்கு முந்தி வெள்ளாத்து மணல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவான். பாக்கியநாதன் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டபடி தன் கிளாஸைக் குடிப்பான். முகர்ந்து முடித்த கிளாஸைப் பச்சமுத்து என் பக்கம் தள்ளுவான். அதைக் குடிப்பது என் வேலை.

ஏன் அவன் குடிக்க மாட்டான் என்பதுதான் விஷயம். பச்சமுத்து குடியை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அவன் குடித்த குடி பேட்டைக்கே தெரியும். அவன் மனைவி வேல்விழி மகளைக் கூட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்பில் அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் இருந்தாள். மணவாளநல்லூர் கோயிலில் கொளஞ்சியப்பர் சாமியிடம் புருஷன் பேரில் புகாராகப் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டினாள். அவன் போய்க் காலில் விழாத குறையாகக் கூட்டி வந்தான். ஒரு சொட்டு பட்டாலும் அன்றைக்கே கிளம்புவேன், அடுத்த தடவை நீ வந்து நின்றாலும் கதவு திறக்காது என்பது அவள் வைத்த நிபந்தனை.

இதெல்லாம் தெரிந்தும் பாக்கியநாதன் அவனைக் கூப்பிட்டான். நான் ஒரு தடவை கேட்டேன். "ஏன்டா, குடிய உட்டவன கூட்டியாந்து மூக்குக்கு நேரா கிளாஸ நீட்டறியே, இது நல்லாவா இருக்குது?"

"அவன் எங்கடா குடிக்கறான்? மோந்துதான பாக்கறான்."

"ஒரு நாளு கை தவறிச்சுன்னா?"

"தவறாது. எனக்கு அவன தெரியும்."

அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவனுக்குப் பச்சமுத்துவின் மூக்கு வேண்டும், அதனால் தெரிந்த மாதிரி பேசினான். நான் மட்டும் என்ன யோக்கியன்? பச்சமுத்து முகர்ந்த கிளாஸ் என் பக்கம் வந்துகொண்டிருந்தது, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வேல்விழிக்கு யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பொங்கலுக்கு அடுத்த வாரம் அவள் ரோசிக்குப் போன் பண்ணினாள். "அக்கா, ஞாயித்துக்கெழம உங்க வூட்டுக்கு நானும் வரேன். அவரு என்னாத்த மோக்கறாருன்னு என் கண்ணால பாக்கணும். ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா உங்க வூட்டுலேர்ந்தே பஸ் ஏறிடுவேன். இதுல எனக்கு உங்க மேல கோவம் இல்ல" என்றாளாம். ரோசி உடனே என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னாள். தள்ளி வைக்கச் சொல்லுங்கண்ணே, நான் சொன்னா கேக்க மாட்டாரு என்றாள்.

நான் சொன்னேன். என் பேச்சையும் அவன் கேட்கவில்லை. அர்மிந்து வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாராம், நாற்பதைத் தாண்ட விடாதே, தாண்டினால் செத்துவிடும் என்று. எண்பத்தைந்தாம் வருஷத்துக் கடைசி பாட்டில் அவரிடம் எப்போதோ தீர்ந்துவிட்டது. உலகத்தில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். "வேல்விழியும் வரட்டும், பாக்கட்டும். நல்லதுதான்" என்று முடித்துவிட்டான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

ஞாயிறன்று நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே பார்க்கிறேன், பச்சமுத்து மேசையருகே நிற்கிறான். அவனும் வேல்விழியும் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார்கள். ரோசி அடுப்படியில் கறி வறுத்துக்கொண்டிருந்தாள், வேல்விழி அவளோடு நின்றிருந்தாள். பாக்கியநாதன் பின்பக்கம் கிளாஸ் கழுவப் போயிருந்தான். பச்சமுத்து பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மண்டி தங்கியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்து, மணிக்கட்டைச் சுழற்றி நன்றாகக் குலுக்கினான்.

அந்த நேரம் பார்த்து பாக்கியநாதன் உள்ளே வந்தான். நான்கு கிளாஸையும் மேசையில் வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. மூன்று நாள் ஃபேனைக்கூட மெதுவாக ஓட விட்டுக் காத்திருந்தது, அவன் கண்முன்னால் சேற்றுத் தண்ணீராகச் சுழன்றுகொண்டிருந்தது.

"ஒயின்ஷாப்பு பாட்டிலாடா இது, குலுக்கி அடிக்கறதுக்கு?" என்று கத்தினான். "குடிச்சுக் கெட்டவன வூட்டுக்குள்ள உட்டேன் பாரு, என்னய சொல்லணும். அந்தப் புத்தி எங்கடா போவும்?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. வேல்விழி வாசற்படியில் வந்து நின்றாள். பச்சமுத்து பாட்டிலை இரண்டு கையாலும் மெதுவாக மேசையில் வைத்தான்.

"கிளேஸு அடியில தங்கிடுச்சுன்னா கலக்காம ஊத்த மாட்டோம்ண்ணே" என்றான். "மேல தண்ணியா நிக்கும், சத்து பூரா அடியில கெடக்கும். உங்களுக்கு மேல் தண்ணிதான் வரும்னு நெனச்சு கலக்குனேன். வேற ஒண்ணும் இல்லண்ணே."

இருபத்தைந்து வருஷமாகத் தினமும் காலையில் செய்கிற வேலை அது. கலக்காத கிளேஸில் முக்கி எடுத்த பீங்கான் சூளையிலிருந்து சொட்டை சொட்டையாக வெளியே வரும். அதற்காகப் பாக்கியநாதனே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறான். பழைய ஒயினில் மண்டியைக் கலக்கக் கூடாது, அடியிலேயே விட்டுவிட வேண்டும் என்று பச்சமுத்துவிடம் யாரும் சொன்னதில்லை. அவன் வருவதற்குள் மண்டியைப் பிரித்து ஊற்றி வைத்துவிடுவதுதான் வழக்கம். இது பாக்கியநாதனுக்கும் அடுத்த நொடியே புரிந்தது. ஆனால் சொன்ன வார்த்தை சொன்னதுதான். அதுவும் வேல்விழி கேட்க.

பச்சமுத்துவின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பார்சல் ஆபீசில் கூலி ஆட்களிடம் பார்த்திருக்கிறேன். எல்லார் முன்னாலும் அவமானப்பட்டவன் நேராகக் கடைக்குத்தான் போவான்.

"வடிகட்டிக்கலாங்க" என்றாள் ரோசி அவசரமாக. "புதுச் சல்லடை ஒண்ணு இருக்குது இல்ல?"

கிளேஸ் வடிகட்டும் இருநூறாம் நம்பர் சல்லடை, மாவுச் சல்லடையைவிட நைசானது. பிரிக்காத ஒன்றை எடுத்து வந்து வெந்நீரில் அலசினார்கள். யூனிட்டில் செய்த வெள்ளைப் பீங்கான் ஜாடி ஒன்றை மேசையில் வைத்தார்கள். பாக்கியநாதன் கார்க்கைத் திருகினான். பாதியில் உடைந்தது. மிச்சத்தைக் கத்தி முனையால் கெல்லி எடுத்தான். நெற்றியில் வியர்வை வழிந்தது. சல்லடையைப் பிடிக்க ஆள் வேண்டும், தளும்பாமல் பிடிக்கப் பழகிய கை வேண்டும். பச்சமுத்து தானாக முன்னே வந்து பிடித்துக்கொண்டான். வேண்டாம் என்று சொல்ல எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. அதைச் சொன்னால் இன்னொரு அவமானம்.

பாக்கியநாதன் நூல் மாதிரி ஊற்றினான். அவசரப்பட்டால் சல்லடை அடைத்துக்கொள்ளும். பச்சமுத்துவின் மூக்குக்கும் அந்த ஒயினுக்கும் நடுவே ஒரு ஜாண்தான் இருந்தது. பத்து நிமிஷம் அப்படியே நின்றான். வாசனை மேசையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது, கூடம் முழுக்கப் பரவியது, அடுப்படிக் கறி வாசனையையே அமுக்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை நான் முகர்ந்ததில்லை. ரோசி தலையைத் தூக்கிச் சுற்றும் முற்றும் பார்த்தாள். பாக்கியநாதன் ஒருவனுக்குத்தான் எதுவும் தெரியவில்லை, பாட்டில் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சமுத்துவின் தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு தடவை ஏறி இறங்கியது. வேல்விழி நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது ஜாடியை அல்ல, அந்தத் தொண்டையை.

எல்லாரும் உட்கார்ந்தோம். ரோசி கறித்தட்டை வைத்தாள், யாரும் தொடவில்லை. பாக்கியநாதன் வழக்கப்படி முதல் கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றினான். செங்கல் நிறத்தில் தெளிந்துதான் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினான். அப்புறம் பச்சமுத்துவின் முன்னால் வைத்தான்.

"பச்ச, மனசுல வெச்சிக்காத. நீ சொன்னாத்தான் எனக்கு ஒயினு" என்றான்.

மன்னிப்புக் கேட்கிற நேரத்திலும் அவனுக்கு மூக்குதான் வேண்டியிருந்தது. பச்சமுத்து கிளாஸை எடுத்தான். எப்போதும் மூன்று தடவை முகர்வான், பிறகு பேச ஆரம்பிப்பான். அன்று முதல் தடவை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவது தடவை கிளாஸ் கீழே இறங்கவில்லை. விளிம்பு மேலுதட்டில் பட்டுக்கொண்டு நின்றது. ஒயின் கண்ணாடியில் ஏறி ஏறி இறங்கியது. வேல்விழி அவனைத் தடுக்கவில்லை. கைப்பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பச்சமுத்து கண்ணைத் திறந்தான். கிளாஸை மேசையில் வைத்து, ஒரு விரலால் அதைத் தன்னிடமிருந்து தூரத் தள்ளினான்.

"கெட்டுப் போச்சுண்ணே" என்றான். "ஒண்ணும் இல்ல இதுல. பழைய காடி வாடை. கீழ ஊத்திடுங்க."

பாக்கியநாதன் முகம் தொங்கிவிட்டது. "நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேண்ணே."

"நீ குலுக்குனதாலயா?"

பச்சமுத்து ஒரு நொடி யோசித்தான். "இருக்கலாம்ண்ணே" என்றான். அந்தப் பழியையும் ஏற்றுக்கொண்டான்.

பாக்கியநாதன் என் பக்கம் திரும்பினான். "ராசு, நீ மோந்து பாரு."

நான் கிளாஸை எடுத்தேன். முகர்வதற்கு அவசியமே இல்லை, கூடம் பூராவும் அதுதான் இருந்தது. இருந்தாலும் மூக்கருகே கொண்டு போனேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாற்பது வருஷம் ஒரு பாட்டிலுக்குள் கிடந்து இவ்வளவு ஆகியிருக்கிறது. ஒரு வாய், ஒரே ஒரு வாய் குடித்துவிட்டால் அது போதும் எனக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் பச்சமுத்து இரண்டு கையையும் தொடைக்கு நடுவே செருகி உட்கார்ந்திருந்தான். உடம்பு முழுக்க அந்தக் கைகளைப் பிடித்து வைத்திருப்பது தெரிந்தது. நான் நல்லா இருக்குது என்று சொன்னால் ஜாடி மேசையில் நிற்கும், கிளாஸ்கள் நிறையும், ஒரு மணி நேரம் எல்லாரும் அதைப் பற்றியே பேசுவோம். அந்த ஒரு மணி நேரத்தை அவனால் தாண்ட முடியாது.

"போச்சு பாக்கியம்" என்றேன். "காடிதான்."

பாக்கியநாதன் நம்பாமல் தானே ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினான். மூக்கில்லாதவனுக்கு என்ன தெரியும்? "ஆமா, புளிப்பும் துவர்ப்புந்தான்" என்று முனகினான். ரோசி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பச்சமுத்துவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜாடியையும் கிளாஸையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டாள்.

"குடுங்க, நான் கொட்டிட்டு வரேன். வூடெல்லாம் நாறுது" என்றாள்.

அடுப்படித் தொட்டியில் ஒயின் விழுகிற சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து விட்டாள், தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. ஒரு டம்ளராவது எனக்கென்று ஒதுக்கி வைத்திருப்பாளோ என்று அந்த நேரத்திலும் என் கேடுகெட்ட மனசு நினைத்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. சன்னலை எல்லாம் திறந்து வைத்தாள்.

கறியைப் பேருக்குத் தின்றுவிட்டுப் பச்சமுத்துவும் வேல்விழியும் கிளம்பினார்கள். நான் வெளிக் கேட் வரை போனேன். பச்சமுத்து வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாமல் இரண்டு தடவை சாவியைத் தவறவிட்டான். வேல்விழி சாவியை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இனிமே நான் வரல" என்றான் அவன் தரையைப் பார்த்து. "அவரு கேட்டா சூளையில வேலன்னு சொல்லிடுங்க. அவர ஏமாத்திட்டேன். என் சென்மத்துல இந்த மாதிரி ஒண்ண மோந்ததில்ல. ஒதட்டுல பட்டது இன்னும் நாக்குக்குள்ள எறங்கல, இன்னொரு நிமிஷம் வெச்சிருந்தா எறங்கிருக்கும். எறங்கிருந்தா நாளைக்கு கடை தொறக்கறப்ப நான் வாசல்ல நிப்பேண்ணே."

"எனக்கே வாசன வந்துதுண்ணே" என்றாள் வேல்விழி. "நான் அந்தப் பக்கமே போனவ இல்ல. எனக்கே ஒரு மாதிரி இருந்துது. நீங்களும் பொய் சொன்னீங்க பாருங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சேலையால ஒதட்ட துடைங்க மொதல்ல" என்று முனையைப் புருஷனிடம் நீட்டினாள். அவன் துடைத்தான். இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். பேட்டை முனையில் கடை இருக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு போகிற வழியில் திரும்பினார்கள்.

உள்ளே வந்தால் பாக்கியநாதன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வயது பத்து கூடிவிட்ட மாதிரி தெரிந்தது.

"அர்மிந்து கேக்கறாரு ராசு. தொறந்தியா, எப்டி இருந்துதுன்னு. ரெண்டு வாட்டி அனுப்பிட்டாரு. அங்க காலைல பத்து மணி, பூசைக்குக்கூட போவாம போனயே பாத்துகிட்டு இருக்கறாராம்."

"என்ன சொல்லப் போற?"

"எம்பத்தேழு வயசு. அவங்க அப்பா கையால போட்டது. கெட்டுப் போச்சுன்னு எப்டி சொல்றது? நல்லா இருந்துதுன்னு சொல்லப் போறேன்." போனை மடியில் வைத்தான். "பச்சமுத்த அப்டி பேசிருக்கக் கூடாது. பொண்டாட்டி எதுர்ல. அவன் பொறுமசாலி, இல்லன்னா அந்த நேரத்துல எடுத்துக் குடிச்சிருப்பான். இனிமே அவன கூப்புட மாட்டேன்டா. கூப்புட்டதே தப்பு. என் மூக்குக்கோசரம் அவன் குடும்பத்த மேசயில வெச்சு வெளயாடிட்டேன்."

இதை அவன் வாயால் கேட்க எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. ஆனாலும் சந்தோஷப்பட முடியவில்லை. அவன் போனில் அந்த ஊர்ப் பாஷையில் ஒரு வரி தட்டினான். உடனே பதில் வந்தது.

"என்ன வாசனன்னு கேக்கறாரு" என்றான். "விலாவாரியா எழுதச் சொல்றாரு. நான் எங்க போவேன்? ராசு, நீ ஏதாவது கட்டி உடு. நான் மாத்தி எழுதிக்கறேன்."

நான் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எழுது" என்றேன். "காஞ்ச நாவப்பழம். கொஞ்ச நேரம் கழிச்சு வெத்தலப் பெட்டியத் தொறந்தா வருமே, புகையிலையும் களிப்பாக்கும் கலந்து, அது. அதுக்கு அடியில ஈரக் களிமண்ணு. நம்ம ரூம்பு களிமண்ணு இல்ல, மொத மழ விழுந்ததும் ஏரியில வருமே அது. கடசீல ஒரு இனிப்பு. கரும்ப ஆட்டறப்ப தூரத்துலேர்ந்து காத்துல வரும் பாரு, அவ்ளோதான், பக்கத்துல போனா இருக்காது."

பாக்கியநாதன் ஒவ்வொன்றாகத் தட்டினான். நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, "அப்புறம்?" என்றான். நான் சொல்லிக்கொண்டே போனேன்.

எழுதி முடித்து அனுப்பிவிட்டு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான்.

"நல்லா புளுகறடா" என்றான். "இவ்ளோ நாளு நீயே சொல்லிருக்கலாமே."